புது டிரோன்: பறக்க விடும் முன்னே கவனிக்க வேண்டியவை

சம்பா அறுவடை முடிந்து கைக்குப் பணம் வந்ததும் உழவர் வீட்டில் வாங்கப்படும் பொருள்களின் வரிசையில் இப்போது காமிரா டிரோனும் சேர்ந்துள்ளது. மருந்து தெளிக்கும் பெரிய டிரோன் வேறு. இங்கே சொல்லப்படுவது வயலை மேலிருந்து படம் பிடிக்கும் சிறிய டிரோன். வரப்பில் நின்று பார்ப்பவருக்கு ஓரத்துப் பயிர்தான் தெரியும். நடுவயலில் பயிர் சாய்ந்திருப்பது, தண்ணீர் ஏறாத மேடு, விதை முளைக்காத திட்டு, புகையான் தாக்கி வட்ட வட்டமாகக் காய்ந்து வரும் இடம் ஆகியவை மேலிருந்து பார்த்தால் சில நிமிடங்களில் புலப்பட்டுவிடும்.

ஆனால் டிரோன் உடைவதும் தொலைவதும் பெரும்பாலும் வாங்கிய புதிதில்தான். பெட்டியைப் பிரித்த சூட்டோடு, பிள்ளைகள் சூழ்ந்து நிற்க, களத்திலிருந்து ஏற்றிவிடுவார்கள். தென்னை மட்டையில் மாட்டிக்கொள்ளும், அல்லது காற்றோடு போய்க் கண்ணுக்கு மறைந்துவிடும். ஒரு போகத்து மிச்சம் அன்று மாலையே கைநழுவிப் போகும். ஆகவே முதல் இரண்டு நாள் வேலை தரையில்தான் என்று வைத்துக்கொள்வது நல்லது.

முதலில் காகிதம்

டிரோனின் எடையைப் பார்க்க வேண்டும். மத்திய அரசின் 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி 250 கிராம் வரை உள்ளது நானோ வகை. அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ வகை. மைக்ரோ வகையை அரசின் இணையதளத்தில் பதிவு செய்து தனி அடையாள எண் பெறுவதும், பிறருக்கு நேரும் சேதத்துக்கான இன்சூரன்ஸ் எடுப்பதும் அவசியம். சொந்த வயலைப் பார்க்க மைக்ரோ டிரோன் ஓட்டுபவருக்கு ஓட்டுநர் சான்று தேவையில்லை. கூலிக்கு அடுத்தவர் வயலைப் படம் பிடிப்பதானால் சான்று வேண்டும். வெளிநாட்டில் முழுமையாகத் தயாரான டிரோன்களின் இறக்குமதி 2022 பிப்ரவரியில் தடை செய்யப்பட்டது. ரசீது இல்லாமல் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கியவர் பதிவு செய்யும்போதுதான் விழிப்பார்.

எங்கே பறக்கலாம் என்பதைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரித்து அரசு வரைபடம் வெளியிட்டுள்ளது. பச்சையில் 400 அடி உயரம் வரை போகலாம். விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோ மீட்டருக்குள் 200 அடிதான். மஞ்சளில் விமானக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் அனுமதியும், சிவப்பில் மத்திய அரசின் அனுமதியும் வேண்டும். தஞ்சாவூர், சூலூர் விமானப்படைத் தளங்களையும், கல்பாக்கம், கூடங்குளம் அணுமின் நிலையங்களையும், திருச்சி, மதுரை, கோவை விமான நிலையங்களையும் சுற்றி நிலம் வைத்திருப்பவர்கள் வரைபடத்தைப் பாராமல் டிரோனைத் தொடவே கூடாது.

பாட்டரி

புது டிரோனில் வரும் லித்தியம் பாட்டரி பெரும்பாலும் உறக்க நிலையில் வரும். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியாது. பழுது என்று கடைக்கு ஓட வேண்டியதில்லை. சார்ஜரில் மாட்டினால் விழித்துக்கொள்ளும். டிரோன் பாட்டரி, ரிமோட் இரண்டையும் முழுதாக ஏற்ற வேண்டும். ஏற்றும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். கட்டில் மெத்தை, வைக்கோல், சாக்கு ஆகியவற்றின் மேல் வைத்து ஏற்றக் கூடாது. இந்தப் பாட்டரி தீப்பிடித்தால் அணைப்பது எளிதல்ல; கூரை வீட்டில் அதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை. சிமெண்டுத் தரையே நல்ல இடம்.

சூடாக இருக்கும் பாட்டரியை ஆறிய பிறகே ஏற்ற வேண்டும். சித்திரை வெயிலில் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ளோ டிராக்டர் இருக்கையிலோ விட்டு வைத்தால் கெட்டுவிடும். உப்பிய பாட்டரியைப் பறக்கப் பயன்படுத்தவே கூடாது. பத்து நாளைக்கு மேல் வேலை இல்லையென்றால் பாதிக்குச் சற்று மேலான சார்ஜில் வைப்பது ஆயுளைக் கூட்டும்.

வீட்டில் முடிக்க வேண்டியவை

காமிராவைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கவ்வியைக் கழற்றிய பிறகே டிரோனை இயக்க வேண்டும். மறந்தால் காமிராவைத் திருப்பும் சிறு மோட்டார் திணறிப் பழுதாகும். செல்போனில் கம்பெனியின் செயலியை ஏற்றி, டிரோனைப் பதிந்து, மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டும். இதற்கு இணையம் தேவை. வயலில் சிக்னல் கிடைக்காமல் பாதியில் நின்றுவிடும் ஆதலால் இதை வீட்டிலேயே முடிக்க வேண்டும். அப்போது விசிறிகளை மாட்டியிருக்கக் கூடாது. தவறிச் சுழன்றால் விரலை அறுத்துவிடும். நினைவு அட்டையை டிரோனிலேயே போட்டு ஒரு முறை சுத்தம் செய்துகொள்ள வேண்டும்.

விசிறிகள் நான்கும் ஒன்றுபோல் தோன்றினாலும் ஒன்றல்ல. இரண்டு வலமாகவும் இரண்டு இடமாகவும் சுழலும். ஒரு ஜோடியில் வளையமோ கோடோ அடையாளம் இருக்கும். அதே அடையாளமுள்ள மோட்டாரில்தான் மாட்ட வேண்டும். எதிரெதிர் மூலையில் உள்ளவை ஒரே ஜோடி. மாற்றி மாட்டினால் எழும்பும்போதே குப்புற விழும். ஓரத்தில் சிறு வெட்டு இருந்தாலும் அந்த விசிறியை மாற்றிவிட வேண்டும்.

திரும்பி வரும் உயரம்

முதல் பறப்பில் காப்பாற்றுவதும் கெடுப்பதும் இந்த ஓர் ஏற்பாடுதான். சிக்னல் அறுந்தாலோ பாட்டரி குறைந்தாலோ, இவ்வசதியுள்ள டிரோன் தானாகவே புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும். நாம் குறித்துக் கொடுத்த உயரத்துக்கு ஏறி நேர்க்கோட்டில் வரும். குறித்த உயரம் 60 அடியாக இருந்து, வழியில் அதைவிட நெட்டையான தென்னை இருந்தால் அதில்தான் முட்டும். எல்லா டிரோனுக்கும் தடையைக் கண்டு விலகும் திறன் கிடையாது. சுற்றிலுமுள்ள மரம், மின்கம்பி இவற்றில் உயர்ந்ததைவிட நன்றாகக் கூட்டி வைக்க வேண்டும். தென்னந்தோப்பை ஒட்டிய வயலுக்கு 130 அடி, அதாவது 40 மீட்டர், வைக்கலாம். செல்போன் கோபுரமோ உயர் அழுத்த மின்கோபுரமோ அருகில் இருந்தால் முதல் பறப்புக்கு அந்த இடமே வேண்டாம்.

புறப்பட்ட இடம் எது என்பதை டிரோன் செயற்கைக்கோள்களை வைத்தே அறிகிறது. போதிய செயற்கைக்கோள்கள் கிடைத்து, இடம் பதிவாயிற்று என்று செயலி சொல்லும்வரை பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு ஏற்றிய டிரோனுக்கு வீடு எது என்றே தெரியாது. மரத்தடியிலிருந்து ஏற்றினால் இறங்கும்போது கிளைக்குள் இறங்கும். எனவே வானம் திறந்த இடமாகப் பார்க்க வேண்டும்.

திசைகாட்டியைச் சரிசெய்யும்படி செயலி கேட்டால், டிரோனைக் கையில் பிடித்து, அது காட்டுகிறபடி சுற்ற வேண்டும். பம்புசெட், டிராக்டர், இரும்புக் கதவு, கம்பி போட்ட கான்கிரீட் தளம் ஆகியவற்றின் அருகில் இதைச் செய்தால் திசை தவறாகப் பதியும்.

நாளும் நேரமும்

வெயில் ஏறுமுன் காலையில் காற்று அடங்கியிருக்கும்போது பறக்க விடலாம். ஆடிக் காற்றில், அதிலும் பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே உள்ள பொள்ளாச்சி, உடுமலைப் பகுதிகளில், புதியவர் முயல வேண்டாம். தரையில் இலை அசையாவிட்டாலும் நூறடி மேலே காற்று பலமாக இருக்கலாம். மழை, மூடுபனி இருந்தால் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். பருந்து வட்டமிட்டால் இறக்கிவிடுவது உத்தமம்.

பக்கத்து நிலத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பம்புசெட்டில் பெண்கள் குளிக்கும் நேரத்தில் தலைக்கு மேல் காமிரா வந்தால் வரப்புத் தகராறைவிடப் பெரிய தகராறாகும். நியாயமும் அவர்கள் பக்கமே இருக்கும்.

எழுப்புதல்

புழுதி மோட்டாருக்குள் போகாதிருக்க, ஒரு பலகையை மட்டமாகப் போட்டு அதன் மேலிருந்து எழுப்ப வேண்டும். சாக்கும் துணியும் காற்றில் எழும்பி விசிறியில் சுற்றும். முதலில் ஆளுயரத்துக்குச் சற்று மேல் ஏற்றி, கையை எடுத்துவிட்டு அரை நிமிடம் பார்க்க வேண்டும். நின்ற இடத்தில் நின்றால் எல்லாம் சரி. நழுவினால் இறக்கிவிட வேண்டும். டிரோனின் முகம் நம்மைப் பார்த்துத் திரும்பினால் இடம் வலமாக மாறும். இது கைவரும்வரை அதன் பின்புறம் நம் பக்கமாகவே இருக்கட்டும். காற்றுக்கு எதிராகப் போய்க் காற்றோடு திரும்புவது பாட்டரிக்கு லாபம். 30 சதம் இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும்.

தண்ணீர் கட்டிய நெல் வயலின் மேல் தாழப் பறக்க விடக் கூடாது. அடியிலுள்ள உணரி தரையைப் பார்த்துத்தான் டிரோனை நிலைநிறுத்துகிறது. பளபளக்கும் நீர் அதை ஏமாற்றும். டிரோன் மெல்ல மெல்ல இறங்கிச் சேற்றில் உட்கார்ந்துவிடும். முப்பது அடிக்கு மேல் வைத்துக்கொள்வது நல்லது.

படம் வந்ததும் கடைக்கு மருந்து வாங்க ஓடுவது சரியல்ல. மஞ்சள் திட்டு தழைச்சத்துக் குறையாலும் இருக்கலாம், தண்ணீர் வடியாததாலும் இருக்கலாம். காய்ந்த வட்டம் தெரிந்தால் அந்த இடத்துக்கு இறங்கி நடந்து, ஓரத்துப் பச்சைத் தூர்களை விலக்கித் தட்டிப் பார்க்க வேண்டும். புகையான் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தூரில்தான் அப்பிக் கிடக்கும். மேலே பறக்கும் காமிராவுக்கு அது தெரியாது.