துவக்குச் சட்டமும் தொகுதி மக்கள் கடனும்

மக்களாட்சியிற் குடிமகன் கடன் வாக்களித்தலோடு முடிவதன்று. சட்டம் இயற்றுவோர்க்குத் தன் நிலையை உணர்த்துதலும் அவன் கடனேயாம். துப்பாக்கிக் கட்டுப்பாட்டை எடுத்துக்கொள்வோம்.

கடுகண்ணாவைச் சூழலிற் பயிரைக் காட்டுப்பன்றியினின்று காத்தற்கு உழவன் துவக்கை வேண்டுகின்றான். அக்கருவியே தீயோர் கைப்படின் நாடு நடுங்கும். 1959இற் பிரதமர் பண்டாரநாயக்கா சுடப்பட்டமை சான்று. ஆதலின், 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தலைத் தடுத்தது; 1996ஆம் ஆண்டின் திருத்தம் தண்டனையைக் கடுமையாக்கிற்று.

இவ்விரு தேவைகளையுஞ் சீர்தூக்க வேண்டியவர் மக்கட் பிரதிநிதி. 1947 முதல் 1960 வரை கடுகண்ணாவை தனித் தொகுதி. 1956இல் அமைச்சரான சி. ஏ. எஸ். மரிக்கார் அதன் உறுப்பினராயிருந்தார். எவரிடஞ் செல்வதென அக்கால உழவன் மயங்க வேண்டியிருந்ததில்லை. 1989 முதல் நடைமுறையிலுள்ள விகிதாசார முறையில், இன்று கண்டி மாவட்டம் முழுவதற்கும் 12 உறுப்பினர் உளர். பலர்க்கு உரிய பொறுப்பு ஒருவர்க்கும் உரியதாகாது போதல் கூடும்.

எனவே மக்கள் எழுத்தில் முறையிடல் நன்று. பாராளுமன்றத்துக்கான பொது மனு, உறுப்பினர் ஒருவர் வாயிலாகவே சபையை அடையும். அதன்கண் அழிந்த பயிரின் அளவும் வேண்டிய திருத்தமுந் தெளிவாயிருத்தல் வேண்டும். துவக்கை அஞ்சும் அயலார் கருத்தும் அதிற் சேருமாயின், பிரதிநிதி ஒரு பக்கத்தை மட்டுங் கேட்டேனெனக் கூற இடமிராது.