கொதிக்க மறந்த துளி

விருத்தாசலம் செராமிக் சாமான் வாங்குகிறவர்கள் கோப்பையை விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். கணீர் என்றால் பைக்குள் போகும். சொத்தென்றால் எங்கோ விரிசல். வீட்டு அடுக்களையில் அதே கோப்பை இன்னொரு வித்தையும் காட்டும் (செய்து பார்க்க வேண்டாம்). புதுக் கோப்பையில் தண்ணீரை மைக்ரோவேவில் அதிக நேரம் வைத்தால், சில சமயம் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் சாதுவாக நிற்கும். கிளேஸ் பூச்சு அத்தனை வழவழப்பு. குமிழி பிறக்க ஒரு கீறல் இல்லை. கரண்டியை விட்டதும் குபீரென்று பொங்கிக் கையைச் சுட்டுவிடும்.

இந்த நிலையைத்தான் ஜார்க்கண்டின் ஜாதுகோடாவில் கரும்பொருளுக்குப் பொறியாக வைத்திருக்கிறார்கள். அங்குள்ள யுரேனியச் சுரங்கத்தில், 555 மீட்டர் ஆழத்தில், கொல்கத்தாவின் சாகா அணுக்கரு இயற்பியல் நிறுவனம் 2017இல் ஆய்வகம் திறந்தது. சோதனையின் பெயர் இன்டெக்ஸ்.

நமக்குத் தெரிந்த பொருளைப்போல் சுமார் ஐந்து மடங்கு கரும்பொருள் பிரபஞ்சத்தில் இருக்கிறது. அதன் ஈர்ப்பை வைத்துத்தான் உண்டென்றே தெரியும். கனத்த துகளாக இருக்குமென்று நம்பி, செனான் போன்ற கனத்த அணுக்களை வைத்துப் பல வருஷம் காத்துப் பார்த்தாயிற்று. சிக்கவில்லை. துகள் லேசானதென்றால் அந்தப் பொறி அவ்வளவாக உதவாது. கேரம் ஸ்ட்ரைக்கர் காயை ஓட்டும், அம்மிக்கல்லை ஓட்டுமா? ஆகவே இங்கே ஹைட்ரஜன், கார்பன், ஃப்ளோரின் என்று லேசான அணுக்கள். மூன்றும் சேர்ந்த ஆர்-134ஏ, ஃப்ரிட்ஜ் மெக்கானிக் சிலிண்டரில் கொண்டுவரும் அதே கேஸ்தான்!

அதன் கொதிநிலை மைனஸ் 26 டிகிரி. அறை வெப்பத்தில் எப்போதோ ஆவியாகியிருக்க வேண்டியது, கூழுக்குள் துளித்துளியாகச் சிக்கி, குமிழி பிறக்கச் சொரசொரப்பான இடமில்லாமல் திரவமாகவே கிடக்கிறது. ஏதேனும் துகள் மோதி அணுக்கரு உதறினால் அந்த உதறலே கரண்டி. துளி பட்டென்று குமிழியாகும். ஒலி உணரி அதைக் குறித்துக்கொள்ளும்.

கரும்பொருளாக இருக்கலாமென்று, இன்டெக்ஸ் தேடும் துகளைவிடப் பல கோடி மடங்கு லேசான ஆக்சியான் என்ற துகளையும் வேறிடத்தில் தேடுகிறார்கள். அது முட்டித் தள்ளாது. சியாட்டிலின் ஏடிஎம்எக்ஸ் கருவி, வலுவான காந்தத்துக்குள் ரேடியோ ஸ்டேஷன் பிடிப்பதுபோல் அதைத் துழாவுகிறது.

ஜாதுகோடாவில் தொல்லை, கரும்பொருள் மோதியதுபோலவே துளியைக் குமிழியாக்கும் போலிகள்தான். விண்ணிலிருந்து வரும் கதிர்களைத் தலைக்கு மேலுள்ள பாறை பெரும்பாலும் தடுக்கும். ஆனால் அந்தப் பாறையே நியூட்ரான் கக்கும், கருவிக்குள் ஒட்டிய கதிரியக்கத் தூசு ஆல்பா துகள் விடும். நியூட்ரானுக்குக் கவசம் போடலாம். ஆல்பாவுக்கு? கனடாவின் பிக்காசோ குழு 2008இல் கண்டறிந்தது: ஆல்பாவால் வெடிக்கும் துளி சற்று உரக்கச் சத்தம் போடும். கோப்பையைச் சுண்டுகிறவர் காதுதான் அங்கும் வேண்டியிருக்கிறது.