கூலியும் இனாமும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் அமைந்த திருவெள்ளறைக்கு மாணவர்களோடு ஒருமுறை கல்விப் பயணம் சென்றிருந்தோம். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்தில் ஆலம்பாக்கத்துக் கம்பன் அரையன் தோண்டுவித்த 'மாற்பிடுகு பெருங்கிணறு' அங்குள்ளது. நாற்புறமும் படிகள் மடங்கி இறங்கும் அக்கிணற்றை உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் பொறுமையோடு சுற்றிக் காட்டினார். விடைபெறும்போது மாணவர் ஒருவர், "இந்தாங்க, டீ குடிங்க" என இருபது ரூபாய்த் தாளை இடக்கையால் நீட்டினார். "வேணாம் தம்பி" என்று பெரியவர் விலகிக்கொண்டார். அதே தாளை நாம் வாங்கி, நன்றி கூறி, இரு கைகளாலும் அளித்தோம், மறுக்காது பெற்றுக்கொண்டார். தொகை மாறவில்லை, தந்த முறையே மாறியது.

'இனாம்' என்பது அரபு மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல்; அருட்கொடை என்பது அதன் பொருள். கூலி உழைத்தவரின் உரிமை. இனாம் கொடுப்பவரின் மனமகிழ்ச்சி. வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடப் பணித்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். ஆதலின், சுமை தூக்குவோரிடம் பேரம் பேசிக் கூலியைக் குறைத்துவிட்டுப் பின்னர் இனாம் ஈவது ஈகையாகாது. கொடுத்ததைச் சொல்லிக் காட்டினால் தருமமே பாழாகும் என்பது திருக்குர்ஆன் (2:264) உணர்த்தும் நெறி.

இனாமைக் கட்டாயமாக்குதலும் முறையன்று. உணவு விடுதிகள் பில்லில் 'சேவைக் கட்டணத்தை'த் தாமாகவே சேர்ப்பதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் தடை செய்தது. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதனை உறுதி செய்தது. அரசு அலுவலகத்திலும் அரசு மருத்துவமனையிலும் கடமையைச் செய்விக்கக் கொடுப்பதோ இனாம் அன்று, அது கையூட்டு.

விரும்பித் தருவோர் மேசைமீது வீசாமல் கையில் தருக. பலர் காணத் தராமல் அமைதியாகத் தருக. முகமலர்ச்சியோடு ஒரு நன்றியும் சேர்த்துத் தருக. தர இயலாதவர் நாணவேண்டியதில்லை. இன்சொல் எவர்க்கும் இயலும். நம் மாணவருள் சிலரே மாலை வேளைகளில் விடுதிகளில் உணவு பரிமாறித் தம் கல்விக் கட்டணத்தை ஈட்டுகின்றனர். "டேய்" என்று அழைத்துவிட்டு வைக்கப்படும் பத்து ரூபாய் அவர்தம் உள்ளத்தில் எவ்வாறு தைக்கும் என்பதைச் சிந்திப்போமாக.

கிணறு தோண்டுவித்தவர் பெயரைத் திருவெள்ளறைக் கல்வெட்டு போற்றிக் காக்கிறது. மண் சுமந்தோர் பெயர் அதில் இல்லை. நமக்குத் தேநீர் கொண்டுவந்து வைப்பவரின் பெயரையேனும் நாம் கேட்டறிவோம். இனாம் அதன்பின் வரட்டும்.