ஒரு வாரச் சஸ்பென்ஸும் ஓர் இரவுச் சஸ்பென்ஸும்

2024 நவம்பர் 9ஆம் தேதி இரவு டெல்லி கணேஷ் காலமானார். மறுநாள் மதுரையில் எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன் மறைந்தார். முன்னவர் நானூறுக்கு மேற்பட்ட படங்களில் நடித்தவர். பின்னவர் நூற்றுக்கணக்கில் நாவல் எழுதியவர். ஆனாலும் நாற்பதைத் தாண்டிய பலர் அந்த இரண்டு நாளும் இருவரையும் ஒரே பெயரோடு சேர்த்து நினைத்துக்கொண்டார்கள்: 'மர்மதேசம்'. அதன் முதல் கதையான 'ரகசியம்' இந்திரா சௌந்தர்ராஜன் எழுதியது. அதில் பேராசிரியர் ருத்ரபதியாக வந்தவர் டெல்லி கணேஷ்.

கால் நூற்றாண்டைக் கடந்துவிட்ட அந்த டிவி தொடரின் டைட்டில் பாட்டு இன்னும் காதில் நிற்கிறது. போன மாதம் விடிய விடிய விழித்துப் பார்த்த வெப் சீரிஸில் கொலை செய்தது யார் என்று கேட்டால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது. வயசுக் கோளாறு என்று இதைத் தள்ளிவிட முடியாது. இருபது வயதுப் பிள்ளைகளைக் கேட்டாலும் இதே கதைதான். முடிவுக்காகக் காத்திருக்கும் விதம் மாறிவிட்டது. அதோடு, முடிவு வந்ததும் நாம் நடந்துகொள்ளும் விதமும் மாறிவிட்டது.

வாரம் முழுக்க ஒரே கேள்வி

மர்மதேசத்தைத் தயாரித்தது கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள்; இயக்கியவர் நாகா. 1990களின் பிற்பாதியில் வாரம் ஒருமுறை ஒளிபரப்பானது. சன் டிவி தொடங்கி (1993) சில வருஷங்களே ஆகியிருந்த நேரம். 'ரகசிய'த்துக்குப் பின் வந்த 'விடாது கருப்பு', 'விட்டுவிடு கருப்பா' என்ற நாவலிலிருந்து பிறந்தது. ஊரில் தப்பு செய்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தண்டிக்கப்படுகிறார்கள். தண்டிப்பது கருப்பசாமியா, கருப்பசாமியின் பெயரில் யாரோ ஒரு மனிதனா? கேள்வி இவ்வளவுதான். இந்த ஒற்றைக் கேள்வியை வைத்துக்கொண்டு நாடே மாதக்கணக்கில் மண்டையைக் குடைந்துகொண்டது.

ஆளுக்கொரு பதில் இருந்தது. "கருப்பன் வேலைதான்டா, வேற யாரு?" என்று பாட்டி அடித்துச் சொல்வார். அறிவியல் பாடத்தில் நூறு வாங்கும் பேரன் சந்தேகப் பட்டியல் ஒன்றை மனதுக்குள் வைத்திருப்பான். ஆபீஸில் டிபன் கேரியரைத் திறக்கும்போது ஒரு சுற்று, டீக்கடை பெஞ்சில் ஒரு சுற்று, டியூஷன் வாசலில் சைக்கிளைச் சாய்த்து நின்று இன்னொரு சுற்று என்று விவாதம் நடக்கும். வாடகை நூலகத்தில் நாவலை ஏற்கெனவே படித்து முடித்தவருக்குத் தெருவில் தனி மரியாதை. அவரிடம் விடையைக் கறக்கப் பார்ப்பவர்களும் உண்டு, "சொல்லித் தொலைச்சிடாதீங்க" என்று காதைப் பொத்திக்கொண்டு ஓடியவர்களும் உண்டு. ஸ்பாய்லர் என்ற சொல் நம் ஊருக்கு வருவதற்கு முன்பே ஸ்பாய்லர் பயம் வந்துவிட்டது.

கரண்ட் போனால் அந்த வாரம் போனதுதான். மறுபடி போட்டுப் பார்க்க வழியில்லை. பக்கத்துத் தெருவில் கரண்ட் இருந்த அக்கா வந்து கதை சொன்னால்தான் உண்டு. அக்கா சொல்லும்போது தொடரில் இல்லாத இரண்டு அலறலும் ஒரு மின்னலும் கூடச் சேர்ந்துவிடும். அதுவும் ஒரு ருசி.

கடைசி வாரம் வந்தபோது சாப்பாட்டை முன்கூட்டியே முடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். முடிவு எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல முடியாது. "இவ்வளவு நாள் ஓட்டுனது இதுக்குத்தானா?" என்றார்கள் சிலர். "நான் மூணாவது வாரமே சொன்னேனே" என்றார்கள் பலர். அவர்களில் பாதிப் பேர் அப்படிச் சொன்னதாக யாருக்கும் ஞாபகமில்லை. விடை கிடைத்த பிறகும், அது மனித வேலைதானா, அதற்குப் பின்னால் சாமியும் இருந்ததா என்ற பேச்சு ஓயவில்லை. விடை என்ன என்பதை இங்கே எழுதப்போவதில்லை. தொடர் யூடியூபில் கிடைக்கிறது; பார்க்காத தலைமுறை ஒன்று இருக்கிறது.

எட்டு மாதம் காத்திருந்த அமெரிக்கா

இந்தக் காத்திருப்பை உலகத்துக்கே பெரிய வியாபாரமாகக் காட்டியது 'டல்லாஸ்' என்ற அமெரிக்கத் தொடர். 1980 மார்ச் 21 அன்று சிபிஎஸ் ஒளிபரப்பிய மூன்றாவது சீசனின் கடைசி எபிசோடில், எண்ணெய்ப் பணக்காரன் ஜே.ஆர். யூவிங்கை இரவில் அவன் அலுவலகத்தில் யாரோ சுட்டுவிடுகிறார்கள். சுட்டது யார் என்று காட்டவில்லை. ஜே.ஆராக நடித்த லாரி ஹேக்மேன் கிடைத்த இடைவெளியில் சம்பள உயர்வுக்குப் பேரம் பேசினார். நடுவில் நடிகர்களின் வேலைநிறுத்தம் வேறு வந்து காத்திருப்பை இன்னும் நீட்டியது. "ஜே.ஆரைச் சுட்டது யார்?" என்று அச்சடித்த டீ-ஷர்ட்டுகள் விற்றன. லண்டனில் பந்தயம் கட்டினார்கள். தேர்தல் வருஷம் என்பதால், சுட்டது ஒரு ஜனநாயகக் கட்சிக்காரர்தான் என்று குடியரசுக் கட்சியினர் பட்டன் பேட்ஜ் குத்திக்கொண்டார்கள். ரகசியம் கசியாமல் இருக்க, சந்தேகத்துக்குரிய ஆட்கள் பலரும் தனித்தனியாகச் சுடுவது போல் படமாக்கி வைத்திருந்தார்கள்.

நவம்பர் 21 அன்று விடை வந்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 8.3 கோடிப் பேர் பார்த்தார்கள். அந்த நேரத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்த வீடுகளில் 76 சதவீதம் அந்த ஒரு தொடரைத்தான் போட்டிருந்தன. அத்தனை பேரும் எட்டு மாதமாக ஒரே இடத்தில், ஒரே கேள்வியோடு நின்றிருந்தார்கள். அந்தக் காலத்துச் சஸ்பென்ஸின் பலம் இதில்தான் இருந்தது. பேசுகிற இருவரில் ஒருவருக்குக்கூடப் பெரும்பாலும் அடுத்தது என்ன என்று தெரியாது.

பெட்டி கைக்கு வந்த கதை

நம் ஊரில் இந்த நிலை ஒரே நாளில் மாறிவிடவில்லை. 1999இல் தொடங்கிய 'சித்தி', அதன் பின் 'மெட்டி ஒலி', 'கோலங்கள்' என மெகா சீரியல்கள் வந்தபோது வாரக் காத்திருப்பு நாள் காத்திருப்பாகச் சுருங்கியது. தினமும் ஒரு திடுக்கிடல் தேவைப்பட்டது. கதவு திறக்கும், முகம் உறையும், இடி இடிக்கும், 'தொடரும்' விழும். மறுநாள் பார்த்தால் வந்தவர் பால்காரராக இருப்பார். இப்படி ஏமாந்து ஏமாந்து, திடுக்கிடலை நம்பாத ஒரு பார்வையாளர் கூட்டம் உருவானது. 2003இல் தொடங்கிய 'கோலங்கள்' 2009 வரை ஓடியது. அவ்வளவு நீளம் ஓடும் கதையில் கடைசி நாள் வந்தபோது பலர் கதை முடிந்த வருத்தத்தைவிட, தினமும் வீட்டுக்கு வந்துபோன ஆட்கள் இனி வரமாட்டார்களே என்ற வருத்தத்தில்தான் இருந்தார்கள்.

2006இல் தமிழக அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அவரவர் வீட்டில் உட்கார்ந்தார்கள். பத்து வருஷம் கழித்து, 2016இல், நெட்ஃபிளிக்ஸும் அமேசான் பிரைம் வீடியோவும் இந்தியாவுக்குள் வந்தன. அதே வருஷம் செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையைச் சரித்தது. வீட்டுக்குள் ஒன்றாக உட்கார்ந்தவர்கள் ஆளுக்கொரு மூலையில் ஆளுக்கொரு திரையோடு ஒதுங்கினார்கள். தெருவிலிருந்து வீட்டுக்கும், வீட்டிலிருந்து உள்ளங்கைக்கும் திரை நகர்ந்தது. பேச்சும் அதோடு சேர்ந்து சுருங்கியது.

விடிவதற்குள் முடிந்துவிடுகிறது

2022 ஜூன் 17 அன்று 'சுழல்' பிரைமில் வெளியானது. புஷ்கர்–காயத்ரி எழுதி உருவாக்க, பிரம்மாவும் அனுசரணும் இயக்கிய தொடர். ஒரு சிறிய ஊர், தீப்பிடித்த தொழிற்சாலை, காணாமல் போன ஒரு பெண். கதை முழுக்க மயானக் கொள்ளைத் திருவிழா பின்னணியில் நடக்கிறது. நாட்டார் தெய்வமும் குற்றமும் கைகோக்கும் இடம் என்பதால் 'விடாது கருப்பு'க்குத் தூரத்துச் சொந்தம் என்றே சொல்லலாம். ஆனால் எட்டு எபிசோடும் ஒரே நாளில் வந்தன. முப்பதுக்கு மேற்பட்ட மொழிகளில் வந்தன. மர்மதேசத்துக்கு வாய்க்காத பரப்பு இது.

நள்ளிரவு தாண்டி உட்கார்ந்தவர் காலை காபிக்குள் முடித்துவிடலாம். ஓர் எபிசோட் முடிந்து யோசிப்பதற்குள் அடுத்தது தானாக ஓடத் தொடங்குகிறது. டைட்டில் பாட்டைத் தாண்ட ஒரு பொத்தான். பொறுமை இல்லாதவருக்கு ஒன்றரை மடங்கு வேகம். அதற்கும் நேரமில்லாதவருக்கு மொத்தக் கதையையும் பதினைந்து நிமிடத்தில் சொல்லிவிடும் யூடியூப் குரல்கள் இருக்கின்றன. விடிவதற்குள் மீம் வந்துவிடுகிறது. மதியத்துக்குள் 'கிளைமாக்ஸ் விளக்கம்' வீடியோ வந்துவிடுகிறது. மறுநாள் ஆபீஸில் ஒருவர் இரண்டாவது எபிசோடில் இருப்பார், ஒருவர் முடித்திருப்பார், இன்னொருவர் தொடங்கியே இருக்கமாட்டார். மூவரும் பேச ஆரம்பித்தால் முதலில் வருவது, "சொல்லிடாதே!" அன்று ஒன்றாகப் பேச வைத்த சஸ்பென்ஸ் இன்று வாயை மூட வைக்கிறது.

காத்திருப்பு குறைந்துவிட்டதா என்றால், உண்மையில் கூடித்தான் இருக்கிறது. 'சுழல்' இரண்டாவது சீசன் 2025 பிப்ரவரி 28 அன்று வந்தது. இடையில் இரண்டு வருஷம் எட்டு மாதம். டல்லாஸ் ரசிகர்கள் காத்திருந்ததைப் போல நான்கு மடங்கு. ஆனால் அத்தனை நாளும் மனதில் கேள்வியோடு திரிந்தவர் எத்தனை பேர்? புது சீசன் வந்ததும் பழைய கதை என்ன என்று 'ரீகேப்' தேடியவர்களே அதிகம். நாள்கள் நீண்டன, அவற்றில் குடியிருந்த கேள்வி காலி செய்துவிட்டுப் போய்விட்டது.

பழைய காத்திருப்பின் கடைசிச் சாயலை நம் ஊர் 2019இல் பார்த்தது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கடைசி சீசன் வாரம் ஓர் எபிசோடாக வந்தது. அமெரிக்காவில் ஞாயிறு இரவு ஒளிபரப்பானபோதே ஹாட்ஸ்டாரில் நமக்குத் திங்கள் காலை 6.30. கண்ணில் தூக்கம் கலையாமல் பார்த்துவிட்டுச் சென்னையின் ஐ.டி. கம்பெனிகளுக்குப் போனவர்கள், பார்க்காதவர்கள் முன்னால் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

முடிவு பிடிக்காவிட்டால்

மே 20 காலை 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கடைசி எபிசோட் வந்தது. முந்தைய எபிசோடுகளிலேயே கோபத்தில் இருந்தவர்கள், கடைசி சீசனை வேறு எழுத்தாளர்களைக் கொண்டு மறுபடி எடுக்க வேண்டும் என்று இணையத்தில் மனுப் போட்டார்கள். 15 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். எதுவும் மாறவில்லை.

ரசிகர்கள் முடிவைப் பார்த்துக் கொதிப்பது இந்தத் தலைமுறையின் பழக்கம் என்று நினைத்தால், 1954க்குப் போய்ப் பார்க்க வேண்டும். கல்கி வாரா வாரம் மூன்றரை வருஷத்துக்கு மேல் 'பொன்னியின் செல்வன்' எழுதி முடித்தபோது, இப்படித் திடீரென்று நிறுத்திவிட்டீர்களே, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். கல்கி தனியாக ஒரு முடிவுரை எழுதி அவர்களுக்குப் பதில் சொன்னார். இன்றும் அந்த நாவலின் பதிப்புகளில் அது இருக்கிறது. அன்று வாசகரின் குறைக்கு ஒரு மதிப்பு இருந்தது: எழுதியவர் படித்தார், யோசித்தார், பதில் எழுதினார். இன்று லட்சக்கணக்கான கையெழுத்துகளும் ஒருநாள் செய்தியாக ஓடி மறைந்துவிடுகின்றன. கோபம் பெருகிய அளவுக்கு உரையாடல் பெருகவில்லை.

கணக்குப் பார்த்தால்

அன்றைக்கு எல்லாமே தேன் என்று சொல்வது அநியாயம். கரண்ட் கட்டில் ஒரு கொலையையே தவறவிட்டவர்களுக்கு அந்த அருமை தெரியும். அடுப்படியில் தோசை வார்த்துக்கொண்டே காதால் மட்டும் மர்மத் தொடர் 'பார்த்த' பெண்கள் இன்று வேண்டும் இடத்தில் நிறுத்திவிட்டு, வேலை முடிந்து வந்து முழுசாகப் பார்க்கிறார்கள். எட்டு எபிசோடில் முடியும் கதையை எட்டு வருஷத்துக்கு இழுக்க வேண்டிய கட்டாயம் இயக்குநருக்கு இல்லை. முதல் காட்சியில் வைத்த தடயத்தைக் கடைசிக் காட்சியில் நினைவு வைத்துப் பார்க்க முடிகிறது. அதனால் எழுத்தாளர் ஏமாற்றினால் உடனே மாட்டிக்கொள்கிறார். இவையெல்லாம் கைவினைக்குக் கிடைத்த நல்ல மாற்றங்கள்.

இழந்தது ஒன்றுதான், ஆனால் பெரியது. தப்பாக யூகிக்கக் கிடைத்த நேரம் போய்விட்டது. ஏழு நாள் மாமாவைச் சந்தேகப்பட்டு, எட்டாவது நாள் அசடு வழிந்தவருக்கு அந்தக் கதை மறக்காது, ஏனென்றால் பாதிக் கதையை அவரே எழுதியிருந்தார். ஒரே இரவில் விடை கிடைத்தவருக்கு அந்த வேலை மிச்சம். நினைவும் அந்த அளவுக்குத்தான்.

வியாபாரிகளுக்கும் இது புரிந்திருக்கிறது. 2020இல் 'தி பாய்ஸ்' தொடரின் இரண்டாவது சீசனை, முதல் மூன்று எபிசோடுக்குப் பிறகு வாரம் ஒன்றாகப் பிரைம் வெளியிட்டது. மொத்தமாகப் பார்த்துப் பழகியவர்கள் ஆத்திரத்தில் மோசமான மதிப்பெண் போட்டார்கள். நிறுவனம் அசையவில்லை; அடுத்தடுத்த சீசன்களும் அப்படியே வந்தன. நெட்ஃபிளிக்ஸ்கூடப் பெரிய தொடர்களை இப்போது இரண்டாகப் பிரித்து விடுகிறது.

அவர்கள் பிரித்துக் கொடுக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த மர்மத் தொடர் வரும்போது இரவுக்கு ஓர் எபிசோட் என்று வீட்டில் ஒரு கட்டுப்பாடு வைத்துப் பாருங்கள். அணைத்தவுடன் ஆளுக்கொரு பெயரைச் சீட்டில் எழுதி டப்பாவில் போடுங்கள். தோற்றவர் மறுநாள் காபி போடட்டும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும், தயவுசெய்து, கொலையாளி பெயரைப் போட்டுவிடாதீர்கள்.