ரயில் நிலையத்தில் ஒரு சாப்பாட்டு மேசை



நினைவுப் பொழிவில் இலக்கியம் பேசுவதே நம் மன்றத்தின் வழக்கம். இந்த ஆண்டு சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது என்று முடிவெடுத்தோம். அதிலும் ரயில் நிலையத்தில் காசு கொடுத்து, முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு. இதெல்லாம் ஒரு பொருளா என்று மாணவர் சிலர் கேட்டார்கள். சாதி முதலில் காவல் போடுவது இரண்டு இடத்தில்: மணப்பந்தலில், சாப்பாட்டுப் பந்தியில். முதலாவதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இரண்டாவது முடிந்துபோன கதை என்று பலரும் நினைக்கிறோம். அது முடிந்துவிட்டதா என்று பார்க்க ரயில் நிலையத்தை விட நல்ல இடம் இல்லை.

இந்த உரைக்காக எங்களில் சிலர் மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறி, பார்க் நிலையத்தில் இறங்கி, சென்ட்ரலின் உணவுக்கூடத்துக்குப் போனோம். கல்லாவில் காசு கட்டி டோக்கன் வாங்க வேண்டும். எண்ணைக் கூப்பிட்டதும் தட்டை நாமே தூக்கிவந்து காலியான நாற்காலியில் உட்கார வேண்டும். எங்கள் மேசையில் வடக்கே வேலைக்குத் திரும்பும் இரண்டு கட்டடத் தொழிலாளர்களும், தேர்வெழுத வந்த ஒரு மாணவியும், கோயிலுக்குப் போகும் ஒரு குடும்பமும் இருந்தார்கள். ஊர் எது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. ஊர் சொன்னால் அடுத்து ஊரில் எந்தப் பக்கம் என்ற கேள்வி வரும். அது எதற்கு என்று நமக்குத் தெரியும். அந்தக் கேள்வி இல்லாமல் ஒரு தோசை சாப்பிட முடிவது சின்ன விஷயம் இல்லை.

1901-ல் மராட்டியத்தின் மசூர் ரயில் நிலையத்தில் நாலு சிறுவர்கள் இறங்கினார்கள். நல்ல உடுப்பு, நல்ல தொப்பி. அவர்களில் ஒருவர் அம்பேத்கர். அழைத்துப்போக ஆள் வரவில்லை. நிலைய அதிகாரி பரிவோடு யார் என்று விசாரித்தார். மகார் என்று பதில் வந்ததும் முகம் மாறிப் போய்விட்டார். இரட்டைக் கூலி தருவதாகச் சொன்ன பிறகுதான், அதுவும் பையன்களே ஓட்டிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு, ஒரு மாட்டுவண்டி கிடைத்தது. கையில் கட்டுச்சோறு இருந்தது, ஆனால் குடிக்கத் தண்ணீர் தர ஆள் இல்லை. பசியோடு படுத்தார்கள். ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்று நாம் அறிந்திருக்கும் தன்குறிப்பில் அவரே இதை எழுதியிருக்கிறார். ரயில் எல்லாரையும் ஒரே பெட்டியில் ஏற்றி சாதியை அழித்துவிட்டது என்று சொல்பவர்களுக்கு இதை எடுத்துக் காட்டுங்கள். பயணச்சீட்டு வண்டிக்குள் ஏற உதவியது. நடைமேடையில் ஒரு வாய்த் தண்ணீருக்கு அது செல்லவில்லை.

நம் பக்கமும் நிலைமை வேறாக இல்லை. வடக்கே நிலையங்களில் இந்துத் தண்ணீர், முஸ்லிம் தண்ணீர் என்று தனித்தனிக் குடங்கள் இருந்தன. தென்னிந்திய ரயில்வேயின் சிற்றுண்டிச்சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம். ஒரே சமையல், ஒரே விலை, நடுவில் ஒரு தடுப்பு. சுயமரியாதை இயக்கமும் நீதிக்கட்சியும் பல ஆண்டுகள் இதை எதிர்த்த பிறகு, 1941-ல் அந்தப் பிரிவினை எடுக்கப்பட்டது. இந்த வெற்றியைக் கொண்டாட வேண்டும்; கூடவே ஒரு கேள்வியும் கேட்க வேண்டும். ‘மற்றவர்’ என்ற சொல்லுக்குள்ளும் ஒரு வரிசை இருந்ததே? சேரியிலிருந்து புறப்பட்டு வந்த பயணி, தன் ஊர் மிராசுதாரர் உட்கார்ந்திருக்கும் ‘மற்றவர்’ அறைக்குள் எந்தத் தைரியத்தில் நுழைந்திருப்பார்? பலகையில் பெயரில்லாதவர்களின் வரலாற்றைப் பலகைகளிலிருந்து மட்டும் எழுத முடியாது.

அந்தப் பெயரில்லாதவர்களுக்காக வேறொரு பாதையில் வேலை நடந்தது. பொதுச் சாலை, கிணறு, குளம், அரசு அலுவலகம் எல்லாவற்றிலும் நமக்கு உரிமை உண்டு என்று 1924-ல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1938-ல் சமூக இடர்ப்பாடுகளை நீக்கும் சட்டத்துக்குப் பாடுபட்டவர் எம்.சி. ராஜா. பிறகு அரசியலமைப்பின் 15(2) பிரிவு, கடைகளையும் உணவு விடுதிகளையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. அரசியல் நிர்ணய சபையில் ‘கடை’ என்றால் என்ன என்ற கேள்வி எழுந்தபோது, காசு வாங்கிச் சேவை செய்யும் எவரும், சலவைத் தொழிலாளியும் முடிதிருத்துபவரும் உட்பட, அதில் அடக்கம் என்று அம்பேத்கர் விளக்கினார். மசூரின் வண்டிக்காரர் அவர் நினைவில் இருந்திருப்பார் என்று நாம் நினைத்துக்கொள்வதில் தவறில்லை. 1955-ன் தீண்டாமைக் குற்றச் சட்டம் இன்னும் நுணுக்கமாகப் போனது: விடுதிக்குள் விட்டால் மட்டும் போதாது, அங்குள்ள பாத்திரங்களைப் பயன்படுத்தவும் தடை கூடாது. இரட்டைக் குவளையைத் தெரிந்தவர்கள் எழுதிய சட்டம் அது.

சட்டம் வந்தும் பலகைகள் இறங்கவில்லை. மயிலாப்பூரை அடுத்த திருவல்லிக்கேணியில் முரளி கபே என்ற விடுதியின் பலகையிலிருந்த ‘பிராமணாள்’ என்ற சொல்லை எடுக்கக் கோரி 1957-ல் பெரியார் மறியல் தொடங்கினார். மாதக்கணக்கில் நடந்தது, நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். ஒரே ஒரு சொல்லுக்காக.

இன்று சென்ட்ரலில் அந்தச் சொல் எங்கும் இல்லை. பச்சைப் புள்ளி இருக்கிறது. ‘சைவம்’, ‘சுத்த சைவம்’ என்ற எழுத்து இருக்கிறது. சைவ உணவு சாப்பிடுவது அவரவர் விருப்பம். அதில் நமக்குச் சண்டை இல்லை. ‘சுத்த’ என்ற முன்னொட்டோடுதான் சண்டை. அப்படியானால் பக்கத்துக் கடையில் இருப்பது என்ன? 2014-ல் எடுத்த அரசின் மாதிரிப் பதிவு ஆய்வின்படி தமிழ்நாட்டில் 97 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் அசைவம் சாப்பிடுபவர்கள். அப்படிப்பட்ட மாநிலத்தில் அசைவமே விதிவிலக்குப் போல ஓரத்தில் நிற்கிறது. நாங்கள் பார்த்த விலைப்பட்டியல்களில் கோழி இருந்தது, முட்டை இருந்தது, மாட்டிறைச்சி இல்லை. நிலையத்துக்குப் பின்னால் பெரியமேட்டுக்கு நடந்தால் பீப் பிரியாணி கிடைக்கும். ஒரு நடை தூரத்தில் கிடைப்பது கூடத்துக்குள் மட்டும் கிடைக்காது. தடை என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை.

இந்த ‘சுத்தம்’ எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அடையாறுக்குப் பக்கத்திலேயே பார்த்தோம். 2018 டிசம்பரில் சென்னை ஐஐடியின் உணவுக்கூடம் ஒன்றில் சைவருக்கும் அசைவருக்கும் தனி வாசல், கை கழுவத் தனித் தொட்டி என்று சுவரொட்டி ஒட்டப்பட்டது. அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்து மாணவர்கள் அதை வெளியே கொண்டுவந்தார்கள். எதிர்ப்பு எழுந்ததும் சுவரொட்டிகள் எடுக்கப்பட்டன. சாப்பாடு வேறு என்றால் தட்டு வேறாகலாம். கை கழுவும் தண்ணீர் ஏன் வேறாக வேண்டும்?

பாமாவின் ‘கருக்கு’ 1992-ல் வந்தது. அதில் ஊர்ப் பெரியவர் ஒருவர் பலகாரப் பொட்டலத்தைக் கையால் தொடாமல் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நாயக்கரிடம் போவார். சிறுமிக்கு அது வேடிக்கையாகத் தெரியும். அண்ணன் விளக்கிச் சொன்ன பிறகுதான் சிரிப்பு நிற்கும். கூடத்தில் எல்லாருக்கும் ஒரே காகிதக் குவளை, ஒரே பிளாஸ்டிக் டப்பா. அதனால் இங்கே கயிறு தேவைப்படவில்லை. ஆனால் சில கிராமத்து டீக்கடைகளில் இரட்டைக் குவளையை எதிர்த்துப் புகார் போன பிறகு, நம்மவர்க்கு மட்டும் காகிதக் குவளை வந்தது. அதே குவளை ஓரிடத்தில் சமத்துவம், இன்னோர் இடத்தில் தீண்டாமை. அதனால் குவளையைப் பார்த்து முடிவுக்கு வராதீர்கள். யாருக்கு எது தரப்படுகிறது என்று பாருங்கள்.

காசும் ஒரு தடுப்புதான். 2013-ல் சென்னையில் அம்மா உணவகம் தொடங்கியபோது இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். 2023-ல் ரயில்வே முன்பதிவில்லாப் பெட்டிகள் நிற்கும் இடத்தருகே 20 ரூபாய்ச் சாப்பாட்டைக் கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் 20 ரூபாய்ச் சாப்பாடு வெயிலில் நடைமேடையில். குளிரூட்டிய கூடம் அதற்கு மேல் தரக்கூடியவர்க்கு. மாம்பலம் நிலையத்தின் வாசலில் இருக்கும் ரங்கநாதன் தெருக் கடைகளில் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அந்தத் தெருவுக்குப் பொருள் வாங்க வருபவர்கள்தான் இந்தக் கூடத்தில் உட்காருகிறார்கள்.

மேசைக்கு வருவோம். சாப்பிட்டு எழுந்ததும் எச்சில் தட்டை எடுத்து, மேசையைத் துடைத்து, தரையைக் கூட்டிய அம்மாவிடம் பேசினோம். ஒப்பந்த வேலை. எங்கே சாப்பிடுவீர்கள் என்று கேட்டோம். பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பின்னால், டப்பாவில் கொண்டுவந்ததை, என்றார். இங்கே உட்காரக் கூடாதா என்றதற்கு, “யாரும் வேணாம்னு சொல்லலை தம்பி, ஆனா உக்கார மாட்டோம்” என்றார். இந்தப் பதிலில் ‘யாரும்’ யார், ‘மாட்டோம்’ யார் என்று யோசித்தால் ஓர் ஆய்வேடு எழுதலாம். தண்டவாளத்தில் மனிதக் கழிவைக் கையால் அகற்றும் வேலைக்குக் காலவரையோடு முடிவுகட்ட ரயில்வேக்கு 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது, சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில். அந்த வேலையைத் தலைமுறையாகச் செய்தவர்கள் யார் என்று இந்த அவையில் சொல்ல வேண்டியதில்லை. சாப்பிடும் பக்கம் சாதி கேட்கப்படாமல் போனது. துடைக்கும் பக்கத்தில் கேட்கத் தேவையே இல்லாமல் இருக்கிறது.

ஆகவே மாணவ நண்பர்களுக்கு ஒரு வேலை. மாம்பலம், திருமயிலை, எழும்பூர், சென்ட்ரல் என்று நிலையம் நிலையமாகப் போங்கள். உணவுக் கடைகளில் சமைப்பவர் யார், பரிமாறுபவர் யார், கழுவுபவர் யார் என்று கேளுங்கள். அவர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், எந்தக் குழாயில் தண்ணீர் பிடிக்கிறார்கள், எந்தக் கழிப்பறைக்குப் போகிறார்கள், கூலி எவ்வளவு, ஒப்பந்தக்காரர் மாறினால் வேலை இருக்குமா என்று எழுதிக்கொள்ளுங்கள். பெயரை எழுத வேண்டாம்; வேலை போய்விடும். தாள்களைப் பொங்கலுக்குள் மன்றத்தில் கொண்டுவந்து சேருங்கள்.