லோரியைப் பிடித்து வைக்க அதிகாரம் எதுவரை?

மெர்கோங் தொழிற்பேட்டையிலிருந்து சரக்கோடு கிளம்பிய லோரியைச் சாலைப் போக்குவரத்துத் துறை (ஜேபிஜே) ஓரங்கட்டினால், முதலாளிக்குச் சம்மன் பெரிய கவலை இல்லை. "வண்டியை வைத்துக்கொள்வார்களா?" என்பதே கவலை. சம்மனைக் கட்டிவிடலாம். வண்டி கிடங்கில் கிடந்தால் சரக்கு போய்ச் சேராது, வங்கித் தவணையும் நிற்காது. டிரிப் கணக்கில் சம்பளம் வாங்கும் ஓட்டுநர் பாடு இன்னும் மோசம்.

பெர்மிட்டில் எந்தக் குறை இருந்தாலும் வண்டியைப் பிடிக்கலாமா? இந்திய உச்ச நீதிமன்றம் 2000இல் இதற்குப் பதில் சொன்னது. வழக்காடியது நாந்தேட்–பர்பணி வட்டார வாகன உரிமையாளர் சங்கம். எதிரே மகாராஷ்டிர அரசு. அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் பயணிகளை ஏற்றிய வண்டிகளைப் பிடித்து வைக்கலாம் என்றது அரசு.

இந்தியாவின் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 207ஆம் பிரிவைப் பார்த்தால், பெர்மிட்டே இல்லாத வண்டியைப் பிடிக்கலாம். அப்போதும்கூட வண்டியை விட்டுவிட்டு, பதிவுச் சான்றை மட்டும் வாங்கிக்கொண்டு ரசீது தர இடமுண்டு. பெர்மிட் இருக்கிற வண்டி என்றால், தடம், வட்டாரம், பயன்பாட்டு நோக்கம் ஆகியவை பற்றிய நிபந்தனையை மீறியிருக்க வேண்டும். ஆள் கணக்கு இதில் எதிலும் அடங்காது. பயணிகளுக்கென்றே பெர்மிட் வாங்கிய வண்டியில் பத்துப் பேர் கூடுதலாக ஏறினால் நோக்கம் மாறிவிடுமா? அரசு தோற்றது.

அதிகமாக ஏற்றுவது சரி என்று நீதிமன்றம் சொல்லவில்லை. அபராதம் போடலாம், 86ஆம் பிரிவில் பெர்மிட்டை நிறுத்தலாம், ரத்தும் செய்யலாம். கெடாவில் அறுவடைக் காலத்தில் நெல் லோரிக்குப் பின்னால் கார் ஓட்டிப் பாருங்கள், அதிக பாரத்துக்கு யாரும் பரிந்து பேச மாட்டீர்கள். ஆனால் தண்டிப்பது வேறு, பிழைப்புக்கான வண்டியையே முடக்குவது வேறு.

அந்தத் தீர்ப்பு மலேசியாவைக் கட்டுப்படுத்தாது. நம் நீதிபதிகள் விரும்பினால் எடுத்துப் பார்க்கலாம், அவ்வளவே. இங்கே பெர்மிட் விவகாரங்களில் வண்டியைப் பறிமுதல் செய்ய 2010 தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின் 80ஆம் பிரிவைத்தான் காட்டுவார்கள். சட்டப்படி அல்லாமல் ஒருவரின் சொத்தைப் பறிக்கக்கூடாது என்கிற கூட்டரசு அரசியலமைப்பின் 13ஆம் விதி அதற்கும் மேலே நிற்கிறது. பிடிக்கிற அதிகாரி பிரிவைக் காட்டியாக வேண்டும் என்பது என் கருத்து.

அதனால் சாலையோரத்தில் சண்டைக்கு நிற்காதீர்கள். நோட்டீசைக் கேட்டு வாங்குங்கள். எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, என்ன குற்றம் என்று அதில் இருக்கிறதா பாருங்கள். வண்டியையும் சரக்கையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, அன்றைக்கே ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.