சுருட்டைச் சுவைத்து மதிப்பிடுதல்: புகையை உள்ளிழுக்காவிட்டாலும் தீங்கு உண்டு

உயர்விலைச் சுருட்டுகளைப் புகைத்து, அவற்றின் மணம், சுவை, எரியும் தன்மை ஆகியவற்றிற்கு மதிப்பெண் இடுவது சிலரது பொழுதுபோக்காக உள்ளது. திருச்சிராப்பள்ளி, திண்டுக்கல் சுருட்டுகள் ஆங்கிலேயர் காலத்திலேயே புகழ்பெற்றவை. 1887-இல் வெளியான முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலும் திருச்சிராப்பள்ளிச் சுருட்டு இடம்பெறுகிறது. “புகையை வாயில் மட்டுமே நிறுத்துகிறேன், உள்ளிழுப்பதில்லை” எனச் சுவைப்போர் கூறுவர். இது பாதுகாப்பு அன்று.

ஏன் தீங்கு?

சுருட்டுப் புகை பெரும்பாலும் காரத்தன்மை உடையது. எனவே, நிகோட்டின் வாயின் உட்சவ்வு வழியாகவே இரத்தத்தில் கலந்து, அடிமைப்படுத்துகிறது. புற்றுநோயை உண்டாக்கும் பொருள்கள் நாக்கிலும் ஈறுகளிலும் படிகின்றன. உமிழ்நீருடன் உணவுக்குழாயையும் அடைகின்றன. ஒரு பெரிய சுருட்டில் ஒரு பெட்டி சிகரெட்டுகளுக்கு இணையான புகையிலை இருக்கக்கூடும். விலையும் தரமும் இத்தீங்கைக் குறைப்பதில்லை. அருகில் இருப்போரும் பாதிக்கப்படுவர்.

குடும்பத்தினர் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத வாய்ப்புண்
• வாயினுள் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டுகள்
• நீடிக்கும் குரல் கரகரப்பு
• விழுங்குவதில் சிரமம், கழுத்தில் கட்டி

வலி இல்லை என்பதற்காகக் காத்திருக்க வேண்டாம். தொடக்கத்திலேயே கண்டறியப்படும் வாய்ப்புற்றுநோயைக் குணப்படுத்தும் வாய்ப்பு அதிகம்.

எங்கு அணுகலாம்?

விம்கோ நகர், திருவொற்றியூர், எண்ணூர் பகுதியினர் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தையோ அரசு ஸ்டான்லி மருத்துவமனையையோ அணுகலாம். புகையிலையைக் கைவிட 1800-11-2356 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை பெறலாம். புகைப்பவரைக் கடிந்துகொள்ளாமல், பரிசோதனைக்கு உடன் அழைத்துச் செல்வதே குடும்பத்தினர் செய்யக்கூடிய பேருதவி.